கொடுத்த பாடமும் எடுத்த மொழியும்: அபர்ணா சென் திரைப்படங்களில் மொழித் தேர்வும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

'பாடம்' என்னும் சொல் தமிழில் மூன்று வழக்குகளில் ஆளப்படுகிறது. ஆசிரியர் கற்பிப்பது பாடம். சுவடிப் பதிப்பில் ஒரு தொடர் இன்னவாறு அமைந்துள்ளது என்று காட்டுவதும் பாடம். அது மாறுபடின் பாடபேதம். நாடக மேடையில் நடிகர் மனப்பாடம் செய்வதற்காக அவரிடம் கொடுக்கப்படும் பகுதியும் பாடமே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்தில் இயங்கிய பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் வாத்தியார் சொல்லக் கேட்டுப் பாடம் ஏற்றனர். அவ்வழி வந்த எம்.ஜி.ஆர். 1958இல் 'நாடோடி மன்னன்' படத்தை இயக்கினார். பிறர் கொடுத்த பாடத்தை ஒப்பித்த சிறுவர் பின்னாளில் பிறருக்குப் பாடம் கொடுப்பவராக மாறும் நிகழ்வு தமிழ்க் கலையுலகிற்குப் புதியதன்று.

வங்காளத் திரையுலகில் இத்தகைய மாற்றத்திற்குச் சிறந்த சான்றாக விளங்குபவர் அபர்ணா சென். 1945இல் கல்கத்தாவில் பிறந்த இவர், 1961இல் சத்யஜித் ராய் இயக்கிய 'தீன் கன்யா' படத்தில் நடிகையாக அறிமுகமானார். 1981இல் '36 சௌரங்கி லேன்' வாயிலாக இயக்குநரானார். இவர் படங்களைப் பெண்ணியம், நகர நடுத்தர வர்க்கம், வகுப்புவாதம் முதலிய நோக்குகளில் ஆராய்ந்தோர் பலர். இவர் படங்களில் எந்தப் பாத்திரம் எந்த மொழியைப் பேசுகிறது, அம்மொழி அப்பாத்திரத்திற்கு எங்கிருந்து வந்தது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. மொழியியலாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அவ்வினாவே முதன்மையானது.

அபர்ணா சென்னின் முக்கியமான படங்களில் மாந்தர் பிறர் கொடுத்த சொல்லைப் பேசத் தொடங்கி, ஒரு நெருக்கடியில் அச்சொல்லைத் தமதாக்கிக்கொள்கின்றனர். ஆகவே அப்படங்களில் உரையாடலின் பொருளைப் போலவே உரையாடலின் மொழியும் ஒரு செயலாகிறது. இதனைக் காட்டுவதும், இது மொழிபெயர்ப்பில் எழுப்பும் சிக்கல்களை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

2. நட்சத்திரமும் சில்பியும்

திரையில் நடிக்கும் சிறாரைத் தமிழர் 'குழந்தை நட்சத்திரம்' என்பர். வங்காளிகள் 'சிசு சில்பி', அதாவது குழந்தைக் கலைஞர், என்பர். தமிழ் வழக்கு ஒளியையும் புகழையும் குறிக்க, வங்காள வழக்கு கைத்திறனைக் குறிக்கிறது. தமிழ்ப் படங்களின் பெயர்ப் பட்டியலில் சிறுமியர் 'பேபி' என்றும் சிறுவர் 'மாஸ்டர்' என்றும் அடைமொழி பெற்றனர். வயது ஏறும்போது இவ்வடைமொழி உதிரும். அதனோடு சிலருடைய திரை வாழ்வும் உதிர்ந்துவிடும். வங்காளத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1955இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'யில் அப்புவாக நடித்த சுபீர் பானர்ஜி அதன்பின் திரைத்துறையில் தொடரவில்லை. அவருடைய வாழ்வையே கருவாகக் கொண்டு கௌசிக் கங்கூலி 'அபூர் பாஞ்சாலி' என்னும் படத்தை எடுத்தார்.

'தீன் கன்யா' தாகூரின் மூன்று சிறுகதைகளைத் தழுவியது. அவருடைய நூற்றாண்டு ஆண்டில் வெளிவந்தது. இதன் இறுதிப் பகுதியாகிய 'சமாப்தி'யில் மிருண்மயி என்னும் கிராமத்துப் பெண்ணாக நடித்தபோது அபர்ணாவுக்குப் பதினைந்து வயது. அவரைக் குழந்தை நடிகை என்பதா, இளம் நடிகை என்பதா என்ற ஐயம் எழலாம். கதையே அந்த எல்லைக்கோட்டைப் பற்றியது என்பதால் இவ்வையம் பொருளுடையதாகிறது. மணமான இரவில் மரத்தின் வழியே இறங்கி ஓடிவிடும் மிருண்மயி, கதையின் முடிவில் மரத்தின் வழியே ஏறிக் கணவனின் அறைக்கு வருகிறாள். குழந்தை பெண்ணாக வளர்ந்ததை ராய் வசனத்தால் விளக்கவில்லை; ஒரே உடற்செயலின் திசையை மாற்றிக் காட்டுகிறார். சொல்லின் கனம் அதைச் சூழ்ந்த செயலால் வருகிறது என்னும் இப்பாடத்தை, நடிகையாக அதற்குள்ளேயே இருந்து கற்றவர் அபர்ணா.

அவருடைய தந்தை சிதானந்த தாஸ்குப்தா திரைப்படத் திறனாய்வாளர். ராயுடன் இணைந்து 1947இல் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியோருள் ஒருவர். ஆகவே வீட்டில் திறனாய்வும் படப்பிடிப்புத் தளத்தில் ராயின் ஒழுங்கும் அவருக்குக் கிடைத்தன. இவை இருந்தால் எவரும் இயக்குநராகிவிடுவர் என்பதற்கில்லை. பல ஆண்டுகள் வங்காள வணிகப் படங்களில் கதாநாயகியாகப் பிறர் எழுதிய வசனங்களைப் பேசிய அனுபவமும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. சொல் ஒருவருக்கு எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதை எழுத்தாளரைவிட நடிகர் நெருக்கமாக அறிவார்.

3. இலக்கணத்திற்கு மாற்றப்பட்ட ஆசிரியை

முதற்படத்தை வங்காளத்தில் எடுக்காமல் ஆங்கிலத்தில் எடுத்தது துணிவான தேர்வு. '36 சௌரங்கி லேன்' படத்தைத் தயாரித்தவர் சசி கபூர். நாயகியாக நடித்தவர் அவருடைய மனைவி ஜெனிஃபர் கெண்டல். படம் அபர்ணாவுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதையும், 1982இல் மணிலா உலகத் திரைப்பட விழாவின் உயர் பரிசையும் பெற்றுத் தந்தது.

வயலட் ஸ்டோன்ஹாம் கல்கத்தாவில் தனித்து வாழும் ஆங்கிலோ இந்திய ஆசிரியை. பள்ளியில் ஷேக்ஸ்பியரைக் கற்பிப்பவள். தன் பூனைக்கும் ஷேக்ஸ்பியரின் நகைச்சுவைப் பாத்திரமாகிய சர் டோபியின் பெயரை இட்டிருக்கிறாள். புதிய தலைமையாசிரியை வந்ததும் ஷேக்ஸ்பியர் வகுப்பு அவளிடமிருந்து பறிக்கப்பட்டு, இலக்கண வகுப்பு தரப்படுகிறது. மொழியியல் பயில்வோர் கருத்தூன்ற வேண்டிய இடம் இது. இலக்கணம் இழிந்தது என்று படம் கூறவில்லை. தாய்மொழியாக ஆங்கிலத்தைப் பேசும் ஒருத்தியிடமிருந்து அம்மொழியின் இலக்கியம் எடுக்கப்பட்டு விதிகள் மட்டும் விடப்படுகின்றன என்பதே இங்குள்ள வேதனை. நாடும் உறவினரும் கைவிட்டுப் போக, அவளிடம் எஞ்சியிருப்பதும் மொழியின் சட்டகம்தான்.

இப்படத்தில் ஆங்கிலம் ஒன்றன்று, இரண்டு. வயலட்டுக்கு அது வீட்டு மொழி. 1947க்குப் பின் ஆங்கிலோ இந்தியர் பலர் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அவளுடைய உறவினர்களும் அவ்வாறே பிரிகின்றனர். அவளுடைய பழைய மாணவி நந்திதாவுக்கும் அவள் காதலன் சமரேஷுக்கும் ஆங்கிலம் கற்ற மொழி; வர்க்க அடையாளம். தனித்திருக்க இடமில்லாத அவ்விருவரும் வயலட்டின் வீட்டை நாடுவதும், திருமணமானபின் அவளை ஒதுக்குவதும் கதை. ஆங்கிலத்தைக் கருவியாகக் கொண்டோர், ஆங்கிலத்தில் வாழ்பவளைப் பயன்படுத்திக்கொள்கின்றனர் என்று இதனைச் சுருக்கலாம்.

இறுதியில் கிறிஸ்துமஸ் இரவில் தெருவில் நடந்து செல்லும் வயலட், உடன்வரும் ஒரு தெருநாயை நோக்கி 'லியர் அரசன்' நாடகத்தின் வரிகளைச் சொல்கிறாள். ஆண்டுதோறும் வகுப்பறையில் ஒப்பித்த வரிகள் அவை. இந்நிலையில்தான் அவை அவளுடைய சொல்லாகின்றன. கைவிடப்பட்ட முதுமையைச் சொல்ல அவளுக்குச் சொந்தச் சொல் இல்லை, பாடமே சொல்லாயிற்று. நடிகர் ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதேனும் அடையும் அனுபவம் இது. அபர்ணா சென் தம் முதற்படத்தின் முடிவை அதன்மீது நிறுத்தியது தற்செயலன்று எனலாம்.

4. 'ஐயர்' என்னும் அடையாளச் சீட்டு

தமிழருக்கு நேரடித் தொடர்புடைய படம் 2002இல் வெளிவந்த 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்'. குஜராத் கலவரங்கள் நிகழ்ந்த ஆண்டும் அதுவே. படம் அபர்ணாவுக்கு இயக்கத்திற்கும் திரைக்கதைக்கும், அவர் மகள் கொங்கணா சென் சர்மாவுக்கு நடிப்பிற்கும் தேசிய விருதுகளைத் தந்தது. தேசிய ஒருமைப்பாட்டிற்கான நர்கிஸ் தத் விருதையும் பெற்றது.

மீனாட்சி என்னும் தமிழ்ப் பிராமணப் பெண் கைக்குழந்தையுடன் பேருந்தில் புறப்படுகிறாள். கல்கத்தாவில் இருக்கும் கணவனிடம் செல்ல வேண்டும். வழித்துணையாக அமைபவன் வனவிலங்குப் புகைப்படக் கலைஞன் ராஜா சௌதுரி. வழியில் கலவரம். பேருந்தை மறிக்கும் கும்பல் முஸ்லிம்களைத் தேடுகிறது. ராஜாவின் இயற்பெயர் ஜஹாங்கீர் என்பதைச் சற்று முன்தான் அறிந்த மீனாட்சி, அவன் கொடுத்த நீரைக் குடித்துவிட்டோமே என்று அருவருத்தவள். அவளே குழந்தையை அவன் மடியில் இட்டு அவனைத் தன் கணவன், 'மிஸ்டர் ஐயர்', என்கிறாள். முதிய முஸ்லிம் தம்பதியர் கொல்லப்படுகின்றனர், ராஜா பிழைக்கிறான்.

இந்த ஒரு பெயர் மொழிநோக்கில் விரிவாக எண்ணத்தக்கது. மரபுவழிப்பட்ட குடும்பத்துப் பெண் கணவனின் பெயரைச் சொல்வதில்லை. மீனாட்சி தமிழில் பேசியிருப்பின் 'எங்காத்துக்காரர்' என்றிருப்பாள். அது கும்பலுக்குப் புரியாது, புரிந்தாலும் சான்றாகாது. ஆங்கில மரியாதைச் சொல்லும் தமிழ்ச் சாதிப் பெயரும் சேர்ந்த 'மிஸ்டர் ஐயர்' என்னும் கலப்புத் தொடரோ, கணவனின் இயற்பெயரைத் தொடாமலே அவனைக் கணவன் என்றும் இந்து என்றும் உயர்சாதியினன் என்றும் ஒருங்கே அறிவிக்கிறது. இத்தனையையும் ஒரு தொடரில் அடக்கும் வாய்ப்பு அவளுடைய தாய்மொழியில் இல்லை.

மேலும் இப்பெயர் தமிழகத்தின் அண்மை வரலாற்றைத் தொடுகிறது. 1929இல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. அதன்பின் தமிழகப் பொதுவாழ்வில் சாதிப் பின்னொட்டு பெரிதும் வழக்கொழிந்தது. இந்தியாவின் பிற நகரங்களிலோ 'ஐயர்' குடும்பப் பெயராக நிலைத்தது. எனவே 'மிஸஸ் ஐயர்' என்பது தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழின் வடிவம். தமிழகத்தில் துறக்கப்பட்ட பட்டம் வெளியே ஓர் உயிரைக் காக்கும் அடையாளச் சீட்டாகிறது. பெயரால் மனிதரைப் பிரிப்பதைக் கண்டிக்கும் படம், அப்பெயரின் வலிமையைக் கொண்டே நாயகனைக் காப்பாற்றுகிறது. இம்முரணைப் படம் மறைக்கவில்லை என்பதே அதன் நேர்மை.

'ஐயர்' தொல்காப்பியக் கற்பியலிலும் ஆளப்படும் பழஞ்சொல். மாந்தரிடையே பொய்மையும் தவறும் புகுந்ததனால் திருமணச் சடங்கு ஏற்படுத்தப்பட்டது என்று கூறுமிடத்தில் அச்சொல் வருகிறது. அங்கு அதன் பொருள் யாதென்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பொய்யைத் தடுக்க மணவிதி வகுத்தவர்க்கு ஆன சொல், இப்படத்தில் பொய்யான ஒரு மணத்திற்குச் சான்றாக நிற்கிறது. அப்பொய் ஓர் அறமாகிறது. இயக்குநர் இதை எண்ணியிருக்க வேண்டிய தேவை இல்லை. தமிழறிந்த பார்வையாளர் தலைப்பிலிருந்தே இதைக் கேட்க முடியும் என்பது தமிழுக்குக் கிடைத்த கூடுதல் பயன்.

5. கல்கத்தாவில் ஒரு தமிழர்: ஒப்பீடு

இவ்விடத்தில் கமல்ஹாசனின் 'ஹே ராம்' (2000) ஒப்பிடத்தக்கது. 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமாகிப் பிற்காலத்தில் இயக்குநரானவர் கமல்ஹாசன். 'அவள் ஒரு தொடர்கதை'யின் வங்காள வடிவமாகிய 'கபிதா'வில் (1977) நடித்து, வங்காளத்தைப் பாடமாகவும் ஏற்றவர். அபர்ணா சென் கல்கத்தாவிலிருந்து தமிழை நோக்கியதற்கு இரண்டாண்டுகள் முன், இவர் தமிழிலிருந்து கல்கத்தாவை நோக்கினார்.

'ஹே ராமி'ல் சாகேத் ராம் என்னும் தமிழருக்கு அபர்ணா என்னும் வங்காள மனைவி. வீட்டில் மொழிகள் ஒன்றோடொன்று இணங்கி வாழ்கின்றன. 1946 ஆகஸ்ட் 16 அன்று வெடித்த கல்கத்தாக் கலவரம் அவ்வீட்டினுள் நுழைகிறது. அபர்ணாவைக் கொன்றவர்களுள் ஒருவன் அறிமுகமான தையற்காரன். அவனுக்கும் அவ்வீட்டாருக்கும் இடையே பேசிப் பழகிய மொழி உண்டு. அம்மொழி அவளைக் காக்கவில்லை. அபர்ணா சென்னின் படத்திலோ, மீனாட்சிக்கும் ராஜாவுக்கும் பொதுவான தாய்மொழி இல்லை; ஆங்கிலம் என்னும் மூன்றாம் மொழியில் கூறிய ஒரு பொய் அவனைக் காக்கிறது. பொதுமொழி இருந்தால் பகை நீங்கும் என்னும் எளிய நம்பிக்கையை இரு படங்களும் ஏற்கவில்லை.

வேறுபாடும் உண்டு. கமல்ஹாசன் மொழிகளை அடுக்குகிறார். ஒவ்வொருவரும் தத்தம் மொழியைப் பேச, நாயகன் பலமொழியாளனாக நடுவில் நிற்கிறான். அபர்ணா சென் மொழிகளைக் குறைக்கிறார். ஒருவருக்கு இருக்கும் மொழிகளுள் எது இந்த நொடியில் பயன்படும் என்று கேட்கிறார். முன்னது பரப்பு, பின்னது கூர்மை.

அபர்ணா சென் படத்தின் குறையையும் கூற வேண்டும். அதில் தமிழ் பெரும்பாலும் அடையாளம் காட்டவே பயன்படுகிறது. பெற்றோருடனும் குழந்தையுடனும் பேசும் சில தொடர்களுக்கு அப்பால், மீனாட்சி தமிழில் சிந்திக்கும் இடம் இல்லை. அவளுடைய ஆசாரம் தெரிகிறது. அவளுடைய மொழியின் நகைச்சுவையும் கோபமும் தெரிவதில்லை. பாத்திரத்திற்காகக் கொங்கணா சென்னைக்குச் சென்று தங்கித் தமிழர் பேசும் ஆங்கிலத்தின் ஒலிப்பைக் கவனித்துக் கற்றார். ஆகவே அவருடைய ஆங்கிலத்தில் தமிழ் ஒலிக்கிறது. தமிழில் அத்தகைய ஆழம் இல்லை. இப்பாத்திரம் மேற்கொண்ட பாடம் தமிழன்று, தமிழரின் ஆங்கிலம் என்று கொண்டால் நடிப்பின் திறன் விளங்கும்.

6. நீ, நீங்கள், துமி, ஆப்னி

ராஜாவும் மீனாட்சியும் ஊரடங்கு நாட்களில் ஒரு வனவிடுதியில் கணவன் மனைவியாக நடிக்க நேர்கிறது. உடன் பயணம் செய்த பெண்கள் கேட்க, தாங்கள் சந்தித்த கதையையும் தேனிலவுக் கதையையும் அவர்கள் புனைகின்றனர். இருவரும் இயக்குநர் இல்லாத நடிகர்களாகின்றனர். புனைவு மெய்யை நெருங்கும் இப்பகுதியே படத்தின் உயிர். இதைத் தாங்கி நிற்பது ஆங்கிலத்தின் ஒரே ஒரு முன்னிலைப் பெயர்.

ஆங்கில முன்னிலைப் பெயர் நெருக்கத்தையும் மதிப்பையும் வேறுபடுத்துவதில்லை. வங்காளத்தில் துயி, துமி, ஆப்னி என மூன்று நிலைகள் உண்டு. அறிமுகமற்ற படித்தோர் ஒருவரையொருவர் ஆப்னி என்பர். இக்காலத் தம்பதியர் பொதுவாக இருபுறமும் துமி என்பர். எனவே இவ்வுரையாடல் வங்காளத்தில் நடந்திருப்பின், கணவன் மனைவியாக நடிக்கத் தொடங்கும் நொடியில் இருவரின் சொல்லும் மாற வேண்டும். தனித்திருக்கும்போது மீண்டும் ஆப்னிக்குத் திரும்ப வேண்டும். ஒருநாள் அவ்வாறு திரும்ப மறந்தால் அதுவே காதலின் அறிவிப்பாகிவிடும்.

தமிழில் நிலை வேறு. மரபுவழிக் குடும்பத்தில் மனைவி கணவனை 'நீங்கள்' என்பாள். அயலானையும் 'நீங்கள்' என்றே அழைப்பாள். கணவன் மனைவியை 'நீ' என்பான். அயலாளை 'நீங்கள்' என்பான். ஆகவே இந்த நடிப்பில் மீனாட்சியின் முன்னிலைப் பெயர் மாற வேண்டியதில்லை. ராஜாவின் பெயரே மாற வேண்டும். வங்காளத்தில் இருவரும் பங்கேற்கும் மாற்றம், தமிழில் ஆணின் பக்கம் மட்டும் நிகழ்கிறது. மனைவியின் பணிவும் அயலாளின் ஒதுக்கமும் ஒரே சொல்லில் மறைந்துவிடுகின்றன. 'ஏன்னா' என்னும் விளி ஒன்றே மீனாட்சியின் நெருக்கத்தைக் காட்ட வல்லது; அதைச் சொல்லிவிட்டால் திரும்பப் பெற இயலாது.

இவ்வாறு ஒப்பிடும்போது ஆங்கிலத் தேர்வின் காரணம் புலனாகும். வெளிநாட்டுச் சந்தைக்காக ஆங்கிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது முழு விளக்கமாகாது. இவ்விருவரும் ஒருவருக்கொருவர் யார் என்பதை முடிவு செய்யாமலே பேச, இந்தியாவில் ஆங்கிலம் ஒரு பாதுகாப்பான இடைவெளியைத் தருகிறது. ஹௌரா நிலையத்தில் கணவனிடம் ராஜாவை அறிமுகப்படுத்தும் மீனாட்சி, 'ஜஹாங்கீர் சௌதுரி' என்ற அவனுடைய மெய்ப்பெயரைக் கூறுகிறாள். தான் கொடுத்த வேடத்தைத் தானே கலைக்கிறாள். அவனுடைய சொந்தப் பெயரை அச்சமின்றி உரக்கச் சொல்வது, காதலைக் கூறுவதினும் வலிமையான செயலாக அமைகிறது.

7. பிழையுள்ள மொழியில் எழுதிய கடிதங்கள்

குணால் பாசுவின் சிறுகதையைத் தழுவிய 'தி ஜாப்பனீஸ் வைஃப்' (2010) இவ்வாய்வுக்கு மேலும் ஒரு சான்று. சுந்தரவனப் பகுதியில் வாழும் ஆசிரியர் சினேகமய் ஜப்பானியப் பெண் மியாகேயைக் கடிதங்கள் வழியாகவே மணக்கிறார். இருவரும் நேரில் சந்திப்பதே இல்லை. கடிதங்களின் மொழி ஆங்கிலம். அது இருவருக்கும் அயல்மொழி. இருவர் எழுத்திலும் பிழைகள் உண்டு.

இப்பிழைகள் இகழ்ச்சிக்குரியன அல்ல. அம்மணவாழ்வின் வீட்டு வழக்கு அதுவே. இதைத் தமிழாக்குவோர் பெரிய தடையை எதிர்கொள்வர். தமிழ்த் திரையில் பிழைபடப் பேசுவோர் நெடுங்காலமாக நகைச்சுவைக்கே உரியவராக்கப்பட்டுள்ளனர். சேட்டும் வெள்ளைக்காரரும் பேசும் தமிழ் கேட்டுச் சிரிக்கப் பழகிய செவி நம்முடையது. பிழையைத் திருத்தினால் பாத்திரம் அழியும். பிழையை அப்படியே வைத்தால் துயரம் நகைப்பாகும். தொடரைச் சிறிதாக்கி, இணைப்புச் சொற்களைக் குறைத்து, அகராதியில் தேடி எடுத்தாற்போன்ற சொற்களை இட்டுப் பார்ப்பது ஒரு வழி. இலக்கணப் பிழையைக் காட்டிலும் சொல் வறுமையே அயன்மையைக் கண்ணியத்துடன் காட்டும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

8. மொழிபெயர்ப்பாளர் முன் உள்ள வழிகள்

'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்' போன்ற படத்தைத் தமிழில் தருவோர்க்கு மூன்று வழிகள் உள்ளன.

அ) எல்லாவற்றையும் தமிழாக்குதல். மொழிமாற்றுப் படங்களில் வழக்கமான முறை இது. இங்கு இது பொருந்தாது. மீனாட்சி எல்லோருடனும் தமிழில் பேசினால், அவள் பெற்றோருடன் பேசும் தமிழ் தன் தனித்தன்மையை இழக்கும். அவள் தனித்து நிற்பவள் என்பதே மறையும்.

ஆ) ஆங்கிலத்திற்கு ஈடாகப் பொதுத்தமிழையும் தமிழுக்கு ஈடாகப் பிராமணத் தமிழையும் ஆளுதல். இது கவர்ச்சியான வழி. ஆயினும் மொழிகளுக்கிடையே உள்ள எல்லை ஒரே மொழியின் சாதி வழக்கு எல்லையாகத் திரிந்துவிடும். ராஜா பொதுத்தமிழ் பேசும் தமிழனாகத் தோன்றுவான். முன்னிலைப் பெயரையும் ஒவ்வோர் இடத்திலும் முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலம் தந்த இடைவெளி அடைபடும்.

இ) மூல ஒலியை விட்டுச் சப்டைட்டில் இடுதல். இதில் குரல் பிழைக்கும். எனினும் திரையின் அடியில் ஓடும் வரி எல்லா மொழிகளையும் ஒரே எழுத்தில், ஒரே நடையில் தருமாயின், யார் எப்போது மொழி மாறினர் என்பது மறையும். தமிழறிந்தார் செவி தமிழை இனங்காணும். இந்திக்கும் வங்காளத்திற்கும் அவ்வாய்ப்புக் குறைவு. வரியின் தொடக்கத்தில் மொழிப்பெயரைச் சுட்டுவதோ, மொழிக்கொரு நிறம் கொடுப்பதோ எளிய தீர்வுகள். முன்னிலைப் பெயரைத் தவிர்த்து, 'வரலாமா', 'சாப்பிட்டாயிற்றா' என்பன போன்ற அமைப்புகளை ஆள்வது நுட்பமான தீர்வு. நீயா நீங்களா என்று முடிவு செய்ய விரும்பாத தமிழர் அன்றாட வாழ்வில் கையாளும் உத்தி இதுவே. ஆங்கிலத்தின் இடைவெளிக்குத் தமிழ் தரக்கூடிய மிக நெருங்கிய ஈடு இது.

மூன்றாம் வழியே ஏற்புடையது. தலைப்பும் மொழிபெயர்க்கப்படாமல் நிற்பதே நன்று. 'திரு. ஐயரும் திருமதி ஐயரும்' என்று எழுதினால் தமிழகத்து மேடை அழைப்பாகத் தோன்றுமேயன்றி, அயல்நிலத்தில் காட்டப்படும் அடையாளச் சீட்டாகத் தோன்றாது.

9. முடிவுரை

அபர்ணா சென்னின் மரபு அவரோடு நிற்கவில்லை. 1983இல் 'இந்திரா' படத்தில் சிறு குழந்தையாகத் திரையில் தோன்றிய கொங்கணா, 2016இல் டொரண்டோ விழாவில் திரையிடப்பட்ட 'எ டெத் இன் த கஞ்ச்' வாயிலாக இயக்குநரானார். கதை தந்தை முகுல் சர்மாவுடையது; களம் 1933இல் ஆங்கிலோ இந்தியருக்கென நிறுவப்பட்ட மெக்லஸ்கிகஞ்ச்; காலம் 1979. கல்கத்தாவிலிருந்து அங்கு விடுமுறைக்கு வரும் குடும்பம் ஆங்கிலமும் வங்காளமும் இந்தியும் மாறி மாறிப் பேசுகிறது. அக்கூட்டத்தில் மென்மையான இளைஞன் சுட்டுவுக்கு மட்டும் எம்மொழியிலும் தன் துயரைச் சொல்ல இடம் கிடைப்பதில்லை. இறுதியில் அவன் மாய்கிறான். வயலட்டுக்கு ஷேக்ஸ்பியர் என்னும் பாடமாவது கைகொடுத்தது. சுட்டுவுக்கு அதுவும் இல்லை. தாய் முதற்படத்தில் விட்ட இடத்திலிருந்து மகள் தன் முதற்படத்தைத் தொடங்குகிறார் எனலாம்.

இவற்றைத் தொகுத்து நோக்கின், சிறுவயதில் பிறர் சொல்லைப் பேசியவர்கள் அனைவரும் சொல்லின் உரிமையைப் பற்றிப் படமெடுப்பர் என்று பொதுவிதி வகுக்க இயலாது. ஆயின் அபர்ணா சென் திரைப்படங்களில் இவ்வினா இடையறாது வருகிறது. வயலட் கற்பித்த பாடத்தைத் தன் சொல்லாக்கினாள். மீனாட்சி சாதி கொடுத்த பெயரைப் பிறனுக்குக் கொடுத்து, பின் அவனுக்கு அவன் பெயரையே திருப்பித் தந்தாள். சினேகமய் அயல்மொழியின் பிழைகளுக்குள் ஒரு வீட்டைக் கட்டினார். இவர்கள் பேசியதன் பொருளை மட்டும் பெயர்த்து, எம்மொழியில் பேசினர் என்பதை விட்டுவிடும் மொழிபெயர்ப்பு, பாதிப் பாடத்தையே பெயர்த்ததாகும். பாடபேதங்களைக் குறிக்கும் பதிப்பாசிரியர் ஓரெழுத்து மாற்றத்தையும் புறக்கணிப்பதில்லை. பலமொழிப் படத்தை மொழிபெயர்ப்போர் மொழி மாறும் ஒவ்வோர் இடத்தையும் அவ்வாறே குறித்துக்கொண்டு தம் பணியைத் தொடங்குவது நலம்.